30 நாள் நோட்டீஸும் முகூர்த்த நாளும்: கடலூர், புதுச்சேரியில் கல்யாணத் தேதி குறிக்கும் முன்

என் சித்தி மகளின் கல்யாணப் பத்திரிகை 300 பிரதி அச்சாகி வந்து, மஞ்சக்குப்பத்தில் எங்கள் வீட்டு முன்னறையில் அடுக்கி இருந்தது. ஜனவரி 19 முகூர்த்தம். பையன் புதுச்சேரி முத்தியால்பேட்டை, கிறிஸ்தவக் குடும்பம். பெண் திருநெல்வேலியிலிருந்து கடலூருக்கு வேலைக்கு வந்தவள். மதம் வேறு என்பதால் நோட்டீஸ் கொடுத்து 30 நாள் காத்திருக்க வேண்டும். டிசம்பர் 19 வெள்ளிக்கிழமை சார்பதிவாளர் அலுவலகத்தில் திருமண நோட்டீஸ் கொடுத்தோம். அன்றிலிருந்து 30 நாள், ஜனவரி 18 வரை. மறுநாள் கல்யாணம். விரல் விட்டு எண்ணிப் பார்த்துத்தான் பத்திரிகைக்கே கொடுத்தோம்.

ஜனவரி முதல் வாரத்தில் ஒரு விவரம் கேட்கப் போனபோது அங்கிருந்த ஊழியர் சொன்னார்: “இல்லைம்மா, போர்டுல ஒட்டின தேதியிலருந்துதான் கணக்கு. உங்களுது 22-ஆம் தேதி ஒட்டினது. 21 முடியட்டும்.”

மூன்றே நாள்தான். ஆனால் 19-ஆம் தேதி கல்யாணம் செய்ய வழியில்லை. தை கடைசி வாரத்து முகூர்த்தம் ஒன்றுக்கு மாற்றினோம். மண்டபக்காரர் நல்லவர், முன்பணத்தை அப்படியே புதுத் தேதிக்கு எடுத்துக்கொண்டார். பத்திரிகையைத் திரும்ப அச்சடிக்க நேரமில்லை. புதுத் தேதியைத் துண்டுச் சீட்டில் அடித்து, ராத்திரி முழுக்க உட்கார்ந்து 300 பத்திரிகையிலும் பழைய தேதியின் மேல் பசை வைத்து ஒட்டினோம். பெண் கூடவே உட்கார்ந்து ஒட்டினாள், ஒரு வார்த்தை பேசவில்லை. அவள் முகம் எனக்கு இன்னும் மறக்கவில்லை.

இன்னொரு குடும்பம் அப்படி ஒரு ராத்திரி உட்காரக் கூடாது என்றுதான் இதை எழுதுகிறேன். ஜோசியர், மண்டபம், பத்திரிகை எல்லாவற்றுக்கும் முன்னால் போக வேண்டிய இடம் பதிவு அலுவலகம்.

முதலில், உங்களுக்குக் காத்திருப்பு உண்டா என்று பாருங்கள்

எல்லாருக்கும் 30 நாள் கிடையாது. மணமக்கள் இருவரும் இந்து என்றால் 1955-ஆம் ஆண்டு இந்து திருமணச் சட்டம் பொருந்தும். பௌத்தர், சமணர், சீக்கியரும் இந்தச் சட்டத்தின் கணக்கில் சேர்த்தி. சாதி வேறாக இருந்தாலும் பரவாயில்லை. முன்கூட்டி நோட்டீஸ் எதுவும் வேண்டாம். திருவந்திபுரம் கோயிலிலோ மண்டபத்திலோ தாலி கட்டி, அதற்கப்புறம் பதிவு செய்துகொள்ளலாம். தமிழ்நாட்டில் ஐயர் இல்லாமல் மாலை மாற்றியோ மோதிரம் போட்டோ செய்யும் சுயமரியாதைத் திருமணமும் இதே சட்டத்தில் செல்லும். அண்ணா ஆட்சியில் 1967-இல் கொண்டுவந்த திருத்தம் அதற்கு இடம் கொடுத்தது. அதற்கு ஊர் கூட்டி அறிவிக்க வேண்டிய கட்டாயமில்லை என்று உச்ச நீதிமன்றமும் 2023-இல் சொல்லிவிட்டது.

கிறிஸ்தவர்கள் 1872-ஆம் ஆண்டுச் சட்டத்தில் வருவார்கள். புதுவை–கடலூர் உயர்மறைமாவட்டத்துப் பங்குக் கோயில்களில் ஓலை வாசிப்பது, அதாவது நடக்கப்போகும் கல்யாணத்தை அறிவிப்பது, எல்லாருக்கும் தெரிந்த வழக்கம். மூன்று ஞாயிறு ஓலை, அதற்கு முன் திருமணத் தயாரிப்பு வகுப்பு, நடுவில் தவக்காலம் வந்தால் அதையும் ஒதுக்க வேண்டும். பங்குத் தந்தையிடம் மூன்று நான்கு மாதம் முன்னாலேயே போய்விடுங்கள். முஸ்லிம் திருமணத்துக்கு அரசு நோட்டீஸ் கிடையாது. நிக்காஹ் முடிந்து ஜமாஅத் பதிவேட்டில் ஏறிய பின் அரசுப் பதிவு.

30 நாள் கட்டாயம் வருவது 1954-ஆம் ஆண்டு சிறப்புத் திருமணச் சட்டத்தில். மதம் வேறான இருவர், யாரும் மதம் மாறாமல் மணக்க இதுதான் வழி. ஒருவர் கிறிஸ்தவர் என்றால் 1872 சட்டப்படி தேவாலயத்திலும் முடிக்கலாம், ஆனால் அதற்குத் திருச்சபையின் தனி அனுமதி வேண்டும். ஒரே மதத்தவரும் மதச் சடங்கு வேண்டாம் என்று சிறப்புச் சட்டத்தைத் தேர்ந்தெடுப்பதுண்டு.

இதில் நம் பக்கத்துக் குடும்பங்கள் கவனிக்க வேண்டியது ஒன்று: மாமன் மகள், அத்தை மகள் இருவரும் சிறப்புத் திருமணச் சட்டத்தின் விலக்கப்பட்ட உறவுப் பட்டியலில் இருக்கிறார்கள். நமக்கு முறைப்பெண், அந்தச் சட்டத்துக்குத் தடை. முறையில் கட்டுகிற இந்துக்கள் இந்து திருமணச் சட்டத்தின் வழியே போவதுதான் நேர், அது வழக்கத்தை ஏற்கிறது.

இன்னொரு தவறும் அடிக்கடி நடக்கிறது. மதம் வேறான இருவர் கோயிலில் தாலி கட்டிவிட்டு, இந்து திருமணம் என்று பதியலாம் என நினைக்கிறார்கள். முடியாது. அப்படிச் சடங்கு முடித்துச் சேர்ந்து வாழ்கிறவர்கள் சிறப்புச் சட்டத்திலேயே பதிந்துகொள்ள வழி இருக்கிறது. ஆனால் அதற்கும் 30 நாள் அறிவிப்பு உண்டு.

எந்த அலுவலகம் என்பதில்தான் பாதி நாள் போகும்

நோட்டீஸ் கொடுக்கும் மாவட்டத்தில், கொடுக்கும் நாளுக்கு முன் தொடர்ச்சியாக 30 நாளாவது வசித்திருக்க வேண்டும். ஊருக்குப் புதிதாக வந்தவர்கள் மாட்டிக்கொள்வது இங்கேதான். சிப்காட்டில் வேலை கிடைத்து வந்தவர், ஜிப்மரில் படிக்க வந்தவர், வாடகை ஒப்பந்தம் போட்டு பத்து நாள்கூட ஆகாதவர் நேரே போய் நின்றால் திருப்பி அனுப்பிவிடுவார்கள். 30 நாள் வசித்து, அப்புறம் 30 நாள் காத்திருந்தால் இரண்டு மாதம் ஓடிவிடும்.

ஆனால் சட்டம் கேட்பது இருவரில் ஒருவர் அங்கே வசித்திருந்தால் போதும் என்பதுதான். எங்களுக்கு இது அப்போது தெரியவில்லை. எங்கள் பெண் நவம்பர் 18-ஆம் தேதி கடலூர் வீட்டுக்குக் குடிவந்தாள். 28-ஆம் தேதி அலுவலகம் போனோம், 30 நாள் ஆகட்டும் என்றார்கள், காத்திருந்தோம். பையன் பிறந்ததிலிருந்து முத்தியால்பேட்டையில்தான் இருக்கிறான். அன்றே பாண்டி ரோட்டில் அரைமணி, முக்கால் மணி பஸ் ஏறிப் புதுச்சேரியில் அவன் முகவரியில் நோட்டீஸ் கொடுத்திருந்தால் டிசம்பர் முடிவதற்குள்ளேயே காலம் தீர்ந்திருக்கும். சிறப்புத் திருமணச் சட்டம் மத்தியச் சட்டம், முள்ளோடை எல்லைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஒன்றுதான். ஆகவே இருவரில் யாருக்கு முகவரிச் சான்று பழையதாக, உறுதியாக இருக்கிறதோ அவர் ஊரில் கொடுங்கள். கல்யாணத்தைப் பதிபவரும் அதே அலுவலர்தான் என்பதையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

நிரந்தர முகவரி வேறு மாவட்டமாக இருந்தால், நோட்டீஸின் நகல் அந்த ஊர் அலுவலகத்துக்கும் போகும், அங்கேயும் ஒட்டுவார்கள். எங்கள் நோட்டீஸ் திருநெல்வேலிக்கும் புதுச்சேரிக்கும் போனது. தபாலுக்கு ஒரு வாரம் சேர்த்து வைத்துக்கொள்வது நல்லது.

காகிதம்

தமிழ்நாட்டில் பதிவுத்துறையின் இணையதளத்தில் விவரங்களை நிரப்பி, அச்செடுத்துக் கையெழுத்திட்டு, இருவரும் நேரில் போக வேண்டும். வயதுச் சான்று, முகவரிச் சான்று, ஆதார், பாஸ்போர்ட் அளவு புகைப்படம். முன்பே மணமானவர் என்றால் விவாகரத்துத் தீர்ப்பின் சான்றிட்ட நகல் அல்லது துணையின் இறப்புச் சான்று. ஆணுக்கு 21, பெண்ணுக்கு 18 முடிந்திருக்க வேண்டும்.

நாள் கடத்துவது பெரும்பாலும் பெயர்தான். மதிப்பெண் பட்டியலில் இனிஷியல் முன்னால், ஆதாரில் பின்னால், பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் முழுதாக. பிறந்த தேதியில் ஒரு நாள் முன்பின் இருப்பதும் உண்டு. இதையெல்லாம் சரிசெய்ய வாரக் கணக்கில் ஆகும். நோட்டீஸ் கொடுப்பதற்கு முன்னாலேயே நான்கு காகிதத்தையும் மேசையில் பரப்பி எழுத்துக்கு எழுத்து ஒப்பிட்டுப் பாருங்கள்.

நாள் எண்ணும் முறை

இரண்டு கணக்கு இருக்கிறது. இரண்டும் வேறு வேறு நாளில் தொடங்குகின்றன. எங்களை வீழ்த்தியது இதுதான்.

முதல் கணக்கு, ஆட்சேபணைக்கான 30 நாள். நோட்டீஸ் பலகையில் ஒட்டப்பட்ட தேதியிலிருந்து இது ஓடும். இரண்டாவது, நோட்டீஸின் ஆயுள். நோட்டீஸ் கொடுத்த தேதியிலிருந்து மூன்று காலண்டர் மாதம். அதற்குள் கல்யாணம் முடியாவிட்டால் நோட்டீஸ் செத்துவிடும், முதலிலிருந்து புதிதாகக் கொடுக்க வேண்டியதுதான்.

டிசம்பர் 1-ஆம் தேதி கொடுத்து, 2-ஆம் தேதி ஒட்டினார்கள் என்று வைத்துக்கொள்வோம். ஜனவரி 1-உடன் 30 நாள் முடிகிறது. 2-ஆம் தேதியிலிருந்து மணம் முடிக்கலாம். ஆயுள் கணக்கு டிசம்பர் 1-இல் தொடங்கியதால் பிப்ரவரி முடிவதற்குள் முடித்துவிட வேண்டும். கையில் இருப்பது சுமார் இரண்டு மாதம். அந்த இரண்டு மாதத்துக்குள் விழுகிற முகூர்த்தம்தான் உங்கள் முகூர்த்தம்.

நோட்டீஸ் கொடுத்த இரண்டாம் நாளே திரும்பிப் போய் ஒட்டிவிட்டார்களா என்று கண்ணால் பாருங்கள். பலகையை உங்கள் போனில் தேதி தெரியும்படி ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். கெஞ்ச வேண்டியதில்லை, “சார், எங்க நோட்டீஸ் எந்தத் தேதியில ஒட்டினீங்க?” என்று கேட்டால் சொல்வார்கள். வெள்ளிக்கிழமை கொடுப்பதை முடிந்தால் தவிர்த்துவிடுங்கள். எங்களுக்கு நழுவிய மூன்று நாளும் அந்த வெள்ளி, சனி, ஞாயிறில்தான் நழுவியது.

தமிழ் மாதத்தோடு பொருத்துவது

நம் வீடுகளில் ஆடி, புரட்டாசி, மார்கழியில் கல்யாணம் வைப்பதில்லை. காத்திருப்புக்கு அந்த மாதங்களையே பயன்படுத்திக்கொள்வது புத்திசாலித்தனம். சும்மா கிடக்கிற மாதத்தில் நோட்டீஸ் பலகையில் இருக்கட்டும், நல்ல மாதத்தில் மேளம் கொட்டட்டும்.

தைக் கல்யாணம் என்றால் கார்த்திகைப் பிற்பாதியில், டிசம்பர் முதல் வாரத்தில் கொடுங்கள். மார்கழி முழுக்கக் காத்திருப்பில் கழியும். தை முழுதும், மாசி முதல் பாதியும் கைக்குள் இருக்கும். மார்கழி பிறந்து கொடுத்தாலும் தையில் முடிக்கலாம், ஆனால் தை முதல் வாரத்தைக் கனவு காணாதீர்கள். பொங்கலை ஒட்டி அலுவலகமும் நாலைந்து நாள் மூடியிருக்கும்.

ஆவணிக் கல்யாணத்தில்தான் இடைவெளி மிகக் குறைவு. ஆடி முதல் வாரம், அதாவது ஜூலை 20 வாக்கில் கொடுத்தால் ஆகஸ்ட் 20-க்குப் பிறகு முடிக்கலாம். ஆயுள் அக்டோபர் 20-க்குள் தீர்ந்துவிடும். செப்டம்பர் 17 வாக்கில் புரட்டாசி பிறந்து ஒரு மாதத்தை எடுத்துக்கொள்ளும். ஐப்பசி பிறக்கிற நேரத்தில் நோட்டீஸ் செத்துப்போகும். ஆக ஆவணி ஒன்றுதான் உங்களுக்கு. ஆவணியில் இரண்டு முகூர்த்தம் தேர்ந்தெடுத்து, பிந்தியதை மண்டபத்துக்குச் சொல்லுங்கள். ஆடிப்பெருக்குக்கு அப்புறம் கொடுப்பவர்களுக்கு ஆவணியின் கடைசி இரண்டு வாரம்தான் மிஞ்சும்.

வைகாசி தாராளம். ஏப்ரல் முதல் வாரத்தில் கொடுத்தால் மே முதல் வாரத்துக்கு மேல் எப்போது வேண்டுமானாலும், ஜூன் கடைசி வரை முடிக்கலாம். வைகாசி முழுதும், ஆனியில் பாதியும் கிடைத்துவிடும். முகூர்த்தம் கிடைப்பதிலும் குறையில்லை.

ஐப்பசி, கார்த்திகை வைப்பவர்களுக்கு நம் கடற்கரையைப் பற்றிச் சொல்ல வேண்டும். 2011 டிசம்பர் 30-இல் ‘தானே’ புயல், 2024 நவம்பர் 30 இரவு ‘ஃபெஞ்சல்’ புயல். இரண்டும் கடலூரையும் புதுச்சேரியையும் புரட்டிப் போட்டவை. ஃபெஞ்சலுக்குப் பின் தென்பெண்ணை கரை புரண்டு கடலூரின் தாழ்வான நகர்களில் வீடுகள் மூழ்கின. அந்த மாதங்களில் 31-ஆம் நாளே கல்யாணம் என்று நெருக்கி வைக்காதீர்கள். பத்துப் பதினைந்து நாள் இடைவெளி விடுங்கள்.

முகூர்த்த நாளில் இன்னொரு சிக்கலும் உண்டு. அன்றைக்கு நிலம், வீடு பத்திரம் பதிபவர்களும் அதே அலுவலகத்துக்கு வருவார்கள். நல்ல நாள் என்றால் பதிவுத்துறையே கூடுதல் டோக்கன் கொடுக்கிற அளவுக்குக் கூட்டம். மணமகளைப் பட்டுப்புடவையோடு மதியம் வரை பெஞ்சில் உட்கார வைக்க வேண்டி வரும். முடிந்தால் சட்டப்படி மணம் முடிப்பதை முதல் நாள் சாதாரணக் கிழமையில் வைத்துக்கொண்டு, மறுநாள் முகூர்த்தத்தில் தாலி கட்டுங்கள். சான்றிதழில் அலுவலகத் தேதிதான் இருக்கும் என்று இரு வீட்டாரிடமும் முன்பே சொல்லிவிடுங்கள். பின்னால் விசா, பாஸ்போர்ட் என்று நிரப்பும்போது அந்தத் தேதியைத்தான் எழுத வேண்டும்.

பலகையில் பெயர் தொங்கும் 30 நாள்

வீட்டுச் சம்மதத்தோடு நடக்கும் கல்யாணத்துக்கு இது வெறும் காத்திருப்பு. சம்மதம் இல்லாதவர்களுக்கு அப்படி இல்லை. பெயர், வயது, முகவரியோடு நோட்டீஸ் சுவரில் இருக்கும். நோட்டீஸ் புத்தகத்தை யார் வேண்டுமானாலும் கட்டணமின்றிப் பார்க்கலாம். 2003-இல் நம் மாவட்டத்தில், விருத்தாசலம் பக்கம் புதுக்கூரைப்பேட்டையில், சாதி கடந்து மணந்த ஒரு இளம் ஜோடியைக் கொன்றார்கள். கடலூர் நீதிமன்றம் தீர்ப்புச் சொல்ல 2021 ஆயிற்று. இதை மறந்துவிட்டு, 30 நாள்தானே என்று என்னால் சொல்ல முடியாது.

இருவரும் இந்து, வீட்டில் எதிர்ப்பு என்றால் சிறப்புச் சட்டத்துக்குப் போகத் தேவையே இல்லை. நோட்டீஸ் இல்லாத வழி உங்களுக்கு இருக்கிறது. மதம் வேறு என்றால் நோட்டீஸ் கொடுப்பதற்கு முன்பே ஒரு வழக்கறிஞரைப் பாருங்கள், பாதுகாப்பு கேட்டுக் காவல் கண்காணிப்பாளருக்கு மனு கொடுங்கள். இப்படிப்பட்ட ஜோடிகளைக் காப்பது மாவட்ட நிர்வாகம், காவல்துறை இரண்டின் கடமை என்று உச்ச நீதிமன்றம் 2018-இல் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. நோட்டீஸ் ஒட்டுவது மணமக்கள் விருப்பம் என்று அலகாபாத் உயர் நீதிமன்றம் 2021 ஜனவரியில் சொன்னதைச் சிலர் எடுத்துக்காட்டுவார்கள். அதை நம்பி இங்கே தேதி வைக்காதீர்கள்.

யார் ஆட்சேபணை கொடுத்தாலும் காரணம் சட்டத்தில் உள்ளதாக இருக்க வேண்டும்: வயது குறைவு, உயிரோடு இன்னொரு துணை, விலக்கப்பட்ட உறவு, சம்மதம் தர முடியாத மனநிலை. அப்பாவுக்குப் பிடிக்கவில்லை, சாதி வேறு, மதம் வேறு, இவையெல்லாம் காரணமே ஆகாது. ஆட்சேபணை வந்தால் அலுவலர் 30 நாளுக்குள் விசாரித்து முடிவு சொல்ல வேண்டும். அவர் மறுத்தால் 30 நாளுக்குள் மாவட்ட நீதிமன்றத்தில் மேல்முறையீடு செய்யலாம். ஆட்சேபணை நியாயமற்றது, கெட்ட எண்ணத்தில் போட்டது என்று கண்டால் போட்டவருக்கு 1,000 ரூபாய் வரை செலவுத்தொகை விதிக்கலாம். தொகை சிறியதுதான், ஆனாலும் இருக்கிறது.

கல்யாண நாளன்று

மூன்று சாட்சி, அடையாள அட்டையோடு. நான்காவதாக ஒருவரையும் தயாராக வைத்திருங்கள். முதலில் மணமக்களும் சாட்சிகளும் உறுதிமொழிப் படிவத்தில் கையெழுத்திட வேண்டும். அப்புறம் அலுவலர் முன்னிலையில், “உன்னைச் சட்டப்படி என் கணவனாக ஏற்கிறேன், மனைவியாக ஏற்கிறேன்” என்ற பொருளில் ஒருவருக்கொருவர் புரியும் மொழியில் சொல்ல வேண்டும். அதோடு தாலி கட்டலாம், மாலை மாற்றலாம், மோதிரம் போடலாம், சடங்கு உங்கள் விருப்பம். கூடுதல் கட்டணம் கட்டினால் அலுவலர் பக்கத்து மண்டபத்துக்கே வந்து முடித்துக் கொடுக்கவும் சட்டத்தில் இடமுண்டு. முன்பே கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள்.

பிரெஞ்சு குடியுரிமை உள்ள வீடுகளுக்கு

புதுச்சேரியில் இது இன்றும் நிறைய வீட்டுக்குப் பொருந்தும். மணமக்களில் ஒருவர் பிரெஞ்சு குடிமகன் என்றால், கல்யாணத்துக்கு முன்னாலேயே பிரெஞ்சு துணைத் தூதரகத்தில் திருமணத் தகுதிச் சான்று வாங்க வேண்டும். அதற்கு அவர்களும் ஒரு அறிவிப்பை 10 நாள் ஒட்டுவார்கள். பையன் பிரான்சில் இருந்தால் அவன் ஊர் மேரியிலும் (நகராட்சி அலுவலகம்) ஒட்டுவார்கள். பிறப்புச் சான்று தருவிப்பது, மொழிபெயர்ப்பது, நேர்காணல் எல்லாம் அதற்கு முன் முடிய வேண்டும் என்பதால் 10 நாள் என்பது ஏட்டுக் கணக்குதான். அந்தச் சான்று கைக்கு வந்த பின் இங்கே நோட்டீஸ் கொடுங்கள். முன்னதாகக் கொடுத்தால் மூன்று மாத ஆயுள் வீணாகும். கல்யாணம் முடிந்ததும் பிரெஞ்சு பதிவேட்டில் ஏற்றவும் மறக்காதீர்கள்.

கல்யாணத்துக்கு அப்புறம்

சிறப்புச் சட்டத்தில் முடித்தவர்களுக்கு அன்று கிடைக்கும் சான்றிதழே முழுச் சான்று. மற்றவர்கள், தமிழ்நாட்டில் எந்த மதத்தில் கல்யாணம் நடந்திருந்தாலும், 2009-ஆம் ஆண்டுச் சட்டப்படி 90 நாளுக்குள் பதிய வேண்டும். தவறினால் கூடுதல் கட்டணத்தோடு இன்னும் 60 நாள். திருவந்திபுரத்தில் முகூர்த்த நாளில் அடுத்தடுத்துத் தாலி ஏறும். கூட்டத்தில் கோயில் ரசீதைத் தொலைத்துவிட்டு மூன்றாம் மாதம் தேடுபவர்களைப் பார்த்திருக்கிறேன். ரசீதையும் பத்திரிகையில் இரண்டு பிரதியையும் அன்றே தனி உறையில் போட்டுவிடுங்கள். இந்தச் சட்டம் தமிழ்நாட்டு எல்லையோடு சரி. பெண் கடலூர், பையன் கடலூர், மண்டபம் மட்டும் புதுச்சேரி என்றால் அங்குள்ள பதிவு விதியைக் கல்யாணத்துக்கு முன்பே விசாரித்துவிடுங்கள்.

சான்றிதழ் கையில் வந்ததும் அலுவலகத்தை விட்டு வெளியே வராதீர்கள். ஜன்னல் ஓரம் நின்று பெயர், இனிஷியல், பிறந்த தேதி, அப்பா பெயர் நான்கையும் ஆதாரோடு வைத்துப் படியுங்கள். எங்கள் பெண்ணுடையதில் ஊர்ப் பெயரில் ஒரு எழுத்து விடுபட்டிருந்தது. அங்கேயே சொன்னோம், பத்து நிமிஷத்தில் திருத்தித் தந்தார்கள்.